அத்தியாயம் 4: மனு மேசை

தொண்டு செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரணும்?" என்பதுதான். இரண்டு மணி நேரம் போதும். ஆனால் எந்த நாள், எந்த நேரம் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. ஆகவே சமூக நீதிக்கும் ஊர் அமைதிக்குமாக நடக்கும் ஒரு மையத்தில் கூட்டம் சேர்வது ஞாயிறு மாலை. மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கும்போது மனு கையில் இருந்தாக வேண்டும் என்று வருவார்கள். புதன்கிழமை காலை மட்டும் ஓய்வு என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. தபால் ஆபீஸுக்குப் போவது, கோப்பு அடுக்குவது, பழைய மனுக்களுக்குப் பதில் வந்ததா என்று போன் செய்து கேட்பது. இவையெல்லாம் யாரும் ஆசைப்படாத வேலைகள். மையம் ஓடுவது இவற்றால்தான்.

தமிழ்நாட்டுச் சிறு நகரம் ஒன்றின் மையத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை, ஒரு பீரோ, ஒரு பழைய கம்ப்யூட்டர். பின்னறையில் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன். முன்னறையில் மனு மேசை.

எதிரே உட்காருபவர்

முதல் மாதம் தனியாக மனு எழுத வேண்டாம். அனுபவமுள்ளவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். வருபவர் பேசும் வரிசை ஒன்று, மனுவுக்கு வேண்டிய வரிசை வேறொன்று. அது உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

காலனியிலிருந்து ஓர் அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மழைக்காலத்துல பொணத்த வயல்ல எறக்கித்தான் தூக்கிட்டுப் போறோம் தம்பி. எங்க மாமியாரக் கொண்டுபோனப்ப பாடையோட ரெண்டு பேரு சேத்துல விழுந்துட்டாங்க" என்று ஆரம்பிப்பார். பேச்சு அங்கிருந்து மாமியார் போட்ட சண்டைக்கும், மகனுக்கு வேலை கிடைக்காததற்கும், நின்றுபோன முதியோர் பென்ஷனுக்கும் போகும். இடைமறிக்காதீர்கள். பத்து நிமிடத்தில் தானாகவே பாதைக்குத் திரும்புவார். "முன்னாடி அங்க வண்டிப் பாதை இருந்துச்சு. வரப்ப வெட்டி அவங்க நெலத்தோட சேத்துக்கிட்டாங்க" என்பார். மனு அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள். எப்போது சேர்த்துக்கொண்டார்கள்? தேதி தெரியாவிட்டால் எந்தப் பொங்கலுக்கு முன்னால், எந்தத் தேர்தலுக்குப் பின்னால்? தடுத்தவர் யார், என்ன சொன்னார், அப்போது கூட இருந்தவர்கள் யார்? முன்பு மனு கொடுத்ததுண்டா, கொடுத்திருந்தால் ரசீது எங்கே? சர்வே எண் அவருக்குத் தெரிந்திருக்காது. அதைத் தேடுவது உங்கள் வேலை. அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று போனால் அ-பதிவேடும் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடமும் காசில்லாமல் கிடைக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மனுவின் தலைவிதியே அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. "வண்டிப்பாதை, புறம்போக்கு" என்று இருந்தால், ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி நேராகக் கேட்கலாம். மயானத்தையோ பொதுப் பாதையையோ பட்டியல் சமூகத்தினர் பயன்படுத்தவிடாமல் மற்றவர் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு தனியாகவே ஒரு குற்றம். அதையும் மனுவில் குறிப்பிடலாம். பட்டா நிலம் என்று இருந்தால் கோரிக்கையே வேறு: நிலம் கையகப்படுத்திப் பாதை போட்டுத் தர வேண்டும் என்று கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பி எழுதினால், "மேற்படி இடம் பட்டா நிலம் என்பதால் நடவடிக்கை எடுக்க இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்து மனு முடிந்துபோகும்.

எழுதும்போது ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். யார், என்ன நடந்தது, என்ன வேண்டும். "ஐயா அவர்களின் பொற்பாதம் பணிந்து" வகையறாவைக் கேட்டு வாங்கி எழுதச் சொல்பவர்கள் உண்டு. பக்குவமாக மறுத்துவிடுங்கள். அதைவிட ஆபத்தானது, நம் பங்குக்கு உப்புக்காரம் சேர்ப்பது. அவர் "தள்ளிவிட்டாங்க" என்றால் "தள்ளிவிட்டார்கள்" என்றே எழுதுங்கள். "கொடூரமாகத் தாக்கினர்" என்று நீங்கள் எழுதிய வரி, மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். "மனுவில் தாக்கினார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள், இப்போது தள்ளினார்கள் என்கிறீர்கள். எது பொய்?" என்று கேட்பார். கூண்டில் நிற்பது அந்த அம்மா. எழுதிய நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலியே" என்று அவர் திருத்தினால் அது நல்ல மனு. பிறகுதான் கையெழுத்து அல்லது கைரேகை.

ரசீது இல்லாத மனு

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று சீல் போட்டுத் திரும்பி வர, ஒன்று மையத்துக் கோப்புக்கு. ரசீது வாங்காமல் கொடுத்த மனு, கொடுக்காத மனுதான். நேரில் போக முடியாதவர்களுக்கு விரைவுத் தபால், ஒப்புகையோடு. (பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். பழக்கதோஷத்தில் பலர் இன்னும் "ரிஜிஸ்டர் போஸ்ட்" என்றே கேட்கிறார்கள்.) 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி'க்குச் சொன்னால் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களை மையத்து நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள். மயானப் பாதைக்கு ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டால் மனுவுக்கு வேறொரு கனம் வந்துவிடும்.

காவல் நிலையத்து ரசீதில் மட்டும் கூடுதல் கவனம். "சி.எஸ்.ஆர். போட்டுட்டாங்க, கேஸ் ஆயிடுச்சு" என்று நிம்மதியாக வருவார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகுதான். எஃப்.ஐ.ஆர். பிரதியைப் புகார் கொடுத்தவருக்குக் காசு வாங்காமல் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. நிலையத்தில் பதிய மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். வன்கொடுமை வழக்கென்றால் "முதலில் விசாரிச்சுட்டு அப்புறம் பதியறோம்" என்பது செல்லாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 18-ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை என்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

கூடப் போகும் உங்களைப் பார்த்து "நீ யாருய்யா?" என்ற கேள்வி வரும். கோபப்பட வேண்டாம். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் தன்னார்வ அமைப்பு, சமூகப் பணியாளர், வக்கீல் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவரது உரிமை என்று அதே சட்டத்தின் 15-ஏ பிரிவின் 12-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அதன் நகலைப் பையில் வைத்திருங்கள். நீட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பையில் இருக்கிறது என்ற தெம்பில் உங்கள் குரல் நிதானமாக இருக்கும், அதற்குத்தான்.

பதில் வராத மனுவுக்குத் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு என்று முகவரி. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை. "இந்தத் தேதியில் கொடுத்த மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தெந்தத் தேதியில் போனது, அவர்கள் எழுதிய குறிப்பின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அங்கே நாளாகும் என்பதை மனுதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல சமயம் முதல் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே தூங்கிக்கொண்டிருந்த கோப்பு நகர்ந்துவிடும்.

சமாதானம் பேச வருபவர்கள்

மையத்தின் பெயரில் "அமைதி" இருப்பதால், நம்மைக் கொண்டு விஷயத்தைச் சுமுகமாக முடித்துவிடலாம் என்று சிலர் வருவார்கள். உள்ளூர்ப் பெரியவர், கட்சிக்காரர், சில நேரம் காவல் நிலையத்திலிருந்தே ஒரு போன். "சின்ன விஷயம், கேஸ் எதுக்கு, உக்காந்து பேசிக்கலாம்." இந்த இடத்தில் உங்களுக்குத் தெளிவு வேண்டும்.

பேசித் தீர்க்கக்கூடியவை இருக்கின்றன. ஆடு மேய்ந்த தகராறு, வரப்புச் சண்டை, கைமாற்றாக வாங்கித் திருப்பாத பணம், கோயில் வரிக் கணக்கு. இரு தரப்பும் விரும்பினால் உட்கார வையுங்கள், அல்லது வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது. பெற்ற பிள்ளைகள் சோறு போடவில்லை என்று வரும் முதியவர்களுக்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு. அதற்கு முன் மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பதில் தப்பில்லை.

சாதி வன்கொடுமை, பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு எதிரான குற்றம் ஆகியவற்றில் மட்டும் மையத்து நாற்காலியை யாருக்கும் எடுத்துப் போடாதீர்கள். அங்கே நடப்பது கட்டப்பஞ்சாயத்து. அதை நாம் நடத்தினாலும் அதற்கு அதே பெயர்தான். வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணிடம் "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. 181 என்ற மகளிர் உதவி எண், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், சகி மையம் ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். முடிவை அவர் எடுப்பார். திரும்பி வீட்டுக்கே போகிறேன் என்றாலும் அது அவர் முடிவு. அடுத்த முறை அவர் வந்தால், போன முறை சொன்னதை நினைவுபடுத்திக் குத்திக்காட்டாமல் மீண்டும் நாற்காலியைப் போடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-இல் அழைக்கலாம். இது தெரியாமல் கடன் வாங்கி வக்கீல் வைத்தவர்கள் ஏராளம்.

அமைதிக்கும் நீதிக்கும் உள்ள கணக்கைக் கீழத் தஞ்சை நமக்குக் காட்டியிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் உச்சத்தில், கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் போய்த் தங்கிய சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரும் "எல்லோரும் அமைதியாக இருங்கள்" என்று உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். 1981-இல் அதற்கென்றே லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, பெண்களின் பெயரில் நிலத்தைப் பதிவுசெய்தார்கள். 2008-இல் இருவருக்கும் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. விருதை விடுங்கள். பத்திரத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்ததைக் கவனியுங்கள். மனு மேசையில் நீங்கள் செய்வதும் அந்த மாதிரி வேலைதான்.

ஓடி வரும் ஜோடி

ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்படும். சாதி மாறிக் காதலித்த இருவர், ஒரு பை, சார்ஜ் இல்லாத போன். உணர்ச்சிவசப்படாமல் முதலில் வயதைப் பாருங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ வேண்டும், வாய்வார்த்தை போதாது. பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தங்கவைக்க முயன்றால் மையத்தின் மீதும் அந்தப் பையன் மீதும் வழக்கு வரும்.

வயது சரியாக இருந்தால், இருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள். பெண் தன் விருப்பத்தில்தான் வந்திருக்கிறார் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அன்றிரவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பாதுகாப்பு மனு போக வேண்டும். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை மேற்கோள் காட்டுங்கள். உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். உங்கள் சொந்த போனிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் பேசாதீர்கள். மாலை மாற்றும் போட்டோவை ஸ்டேட்டஸில் போடும் ஆர்வக்கோளாறை அடியோடு மறந்துவிடுங்கள்.

போட்டோ என்றதும் சொல்லிவிடுகிறேன். மையத்துக்கு வரும் யாரையும், எதற்காகவும் படம் எடுக்காதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது சட்டப்படியே குற்றம். குழந்தை என்றால் பள்ளியின் பெயரைச் சொல்வதுகூட அதில் சேரும்.

வாட்ஸ்ஆப்பில் வரும் தீ

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக, பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அதற்கு முன் பல வாரங்களாக வாட்ஸ்ஆப்பில் பிள்ளை கடத்தல் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், அந்த மாநிலத்திலிருந்து குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

இந்த மாதிரி நேரத்தில் மையத்தின் வேலை மறுப்புச் செய்தியை ஃபார்வேர்டு செய்வதோடு முடிவதில்லை. மறுப்பையும் வதந்தியாகவே பார்ப்பார்கள். வீடியோ எங்கே, எப்போது எடுத்தது என்று தேடிப் பாருங்கள். பின்னணியில் தெரியும் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்தது? ஊர்க் குழுவில் அதைப் போட்டவரை எல்லோர் முன்னாலும் மடக்காதீர்கள். தனியாக போன் செய்து, "அண்ணே, இது நம்ம ஊரு இல்லண்ணே, எடுத்துடுங்க" என்றால் எடுத்துவிடுவார், அவரே "தப்பான தகவல்" என்றும் போட்டுவிடுவார். டீக்கடையில் யார் பேச்சுக்கு மதிப்பு, தெருவில் எந்த அக்கா சொன்னால் கேட்பார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். அது திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் தயாராகாது. வருடம் முழுக்க அந்த டீக்கடையில் டீ குடித்திருக்க வேண்டும்.

தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் கூட்டும் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு மையத்தையும் அழைப்பார்கள். போங்கள், பேச்சைக் குறையுங்கள், குறிப்பெடுங்கள். முடிவில் நீட்டப்படும் பேப்பரைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதை அந்தத் தெரு மக்களிடம் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பின்னறை

டியூஷன் எடுக்க வருபவர்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே ஒன்று மட்டும். பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்கே போய்ச் சக மாணவர்கள் சாதிப் பகையில் வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை கேட்டது. நம் வகுப்பில் கயிற்றை அறுக்கப் போகாதீர்கள். அறுத்தால் மறுநாள் இரண்டு கயிறு கட்டி வருவான், அப்பாவும் கூட வருவார். கலந்து உட்கார வையுங்கள், விளையாட்டு அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், தண்ணீர்க் குடத்துக்கு ஒரே ஒரு டம்ளர் வையுங்கள். டம்ளர் விஷயத்தில் இறங்கி வராதீர்கள்.

"தம்பி எந்தத் தெரு?"

ஊர் பெயரைச் சொன்ன பிறகும் இந்தக் கேள்வி வந்தால், அவர் கேட்பது முகவரியை இல்லை. முதல் வாரமே எல்லோரும் கேட்பார்கள், மனு கொடுக்க வந்தவர்களும் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள், எப்படியும் மூன்றாவது ஆளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். "மையத்துல இருக்கேங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். மேல்சாதியில் பிறந்தவரானால், காலனி வீட்டில் கொடுக்கும் தண்ணீரை நீங்கள் வாங்கிக் குடிக்கிறீர்களா என்பதை நாலு ஜோடிக் கண்கள் கவனிக்கும். குடித்ததைப் பற்றி வெளியே வந்து பெருமை பேசுகிறீர்களா என்பதையும் கவனிக்கும்.

மனு எழுதியதற்கு இருபது ரூபாயோ ஒரு சீப்பு வாழைப்பழமோ தருவார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாழைப்பழத்தை டியூஷன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கட்சித் துண்டோடு மேசையில் உட்காரக் கூடாது. "கண்டிப்பா வாங்கித் தந்துடலாம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "எழுதி அனுப்பறோம், பதில் வரலன்னா அடுத்த படி என்னன்னு பாப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போகும்போது

பரீட்சை வரும், வேலை கிடைக்கும், கல்யாணமாகும். போகத்தான் செய்வீர்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தொல்லை. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் கையில் நிலுவையில் உள்ள மனுக்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: மனுதாரர் பெயர், மனு எண், கடைசியாக என்ன நடந்தது, அடுத்த தேதி எது. தகவல் உரிமை மேல்முறையீட்டுக் கெடு இருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கும் நம்பர்களை அந்த நோட்டுக்கு மாற்றுங்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை, உங்கள் இடத்துக்கு வருபவரை மயானப் பாதைக்கார அம்மாவிடம் நேரில் அறிமுகப்படுத்திவிட்டு, பீரோ சாவியைக் கொடுங்கள்.